வழுவழு காலனி

இந்த வாரம் ஒரு திருத்தம் போட வேண்டியிருக்கிறது. சிரிப்பு கொஞ்சம் குறைச்சலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கும்பகோணத்தில் எனக்கு ஒரு பெரியப்பா. தபால் இலாகாவில் 35 வருஷம் இருந்து ரிட்டையர் ஆனவர். நான் எழுதுகிறதையெல்லாம் பிளேடால் வெட்டி, பழைய டைரியில் கோந்து போட்டு ஒட்டி வைக்கிற ஒரே ஜீவன். என் மனைவி இதே பக்கத்தைத்தான் மளிகை டப்பாக்களுக்கு அடியில் விரிப்பாள். அதுவும் ஒரு மாதிரி சர்க்குலேஷன்தான்.

போன மாசம் அவரை ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனேன். வலது காலில் பெரிய கட்டு. சுண்டுவிரல் இருந்த இடத்தில் சுண்டுவிரல் இல்லை. தலையணைக்கு அடியிலிருந்து டைரியை எடுத்துப் பிரித்துக் காட்டினார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மஞ்சளைப் பற்றி நான் எழுதிய நாலு பாரா. மஞ்சள் பாக்டீரியாவைக் கொல்லுகிறது என்று ஆராய்ச்சிக் கூடத்தில் நிரூபித்துவிட்டார்கள், பாட்டி சொன்னபோது சிரித்தோம், வெள்ளைக்காரன் சொன்னதும் எழுந்து நிற்கிறோம் என்று ஒரு போடு போட்டு முடித்திருந்தேன். கைதட்டல் வாங்குகிற வரி. வாங்கவும் வாங்கியது.

"இதைப் படிச்சுட்டுத்தாண்டா நான் தைரியமா இருந்தேன்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. சாதாரணமாகச் சொன்னார்.

நான் எழுதினது பொய் இல்லை. பாதி. மிச்சப் பாதியைச் சொல்ல முதலில் உங்களை பாத்ரூமுக்கு அழைத்துக்கொண்டு போக வேண்டும்.

* * *

மேன்ஷன்வாசிகளே, உங்கள் பிளாஸ்டிக் பக்கெட்டின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். பத்து நாள் தேய்க்காத பக்கெட் என்றால் விசேஷம். வழுவழுவென்று ஒன்று விரலோடு வரும். 'பாசி' என்று சொல்லிவிட்டு லுங்கியில் துடைத்துக்கொள்வோம். அதில் பெரும்பகுதி பாசியே இல்லை. பாக்டீரியாக்கள் கட்டிக்கொண்ட ஒரு காலனி. பயோஃபிலிம் என்று பெயர்.

பாக்டீரியா என்றதும் நமக்குத் தண்ணீரில் தனியாக நீந்துகிற ஒரு புள்ளிதான் ஞாபகம் வருகிறது. ஸ்கூல் புத்தகத்தில் அப்படித்தான் படம் போட்டிருந்தார்கள். பில் காஸ்டர்டன் என்ற கனடாக்காரர் மலை ஓடைகளைப் பார்த்துவிட்டு வேறு மாதிரி சொன்னார். ஓடைத் தண்ணீரில் பாக்டீரியா சொற்பம். கூட்டமெல்லாம் கல்லின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1978-ல் 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' பத்திரிகையில் இதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் விஞ்ஞானிகள் இந்த வழுவழுப்பைக் கொஞ்சம் மரியாதையோடு பார்க்க ஆரம்பித்தார்கள்.

இவர்கள் வீடு கட்டுகிற விதம் நம் புறநகர் பிளாட்டுகள் மாதிரியேதான். முதலில் ஒருத்தர் வந்து ஒட்டுகிறார். பக்கத்தில் இன்னொருத்தர். கொஞ்சம் ஜனம் சேர்ந்ததும் கோந்து சுரக்கிறார்கள். சர்க்கரைச் சங்கிலிகள், புரதம், செத்துப்போன சகாக்களின் டி.என்.ஏ. எல்லாம் கலந்த கோந்து. அதற்குள்ளே தண்ணீர் போய்வர வாய்க்கால்கூட விடுகிறார்கள். நம் புறநகரில் அது கிடையாது.

'கொஞ்சம் ஜனம் சேர்ந்தாச்சு' என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொருவரும் ஒரு ரசாயனத்தைக் கொஞ்சமாகக் கசியவிட்டுக்கொண்டே இருப்பார்கள். சுற்றிலும் அது போதுமான அளவு சேர்ந்துவிட்டால் ஆள் பலம் இருக்கிறது என்று அர்த்தம். உடனே தீர்மானம் நிறைவேறும். 1994-ல் இதற்கு 'கோரம் சென்ஸிங்' என்று பெயர் வைத்தார்கள். எங்கள் அபார்ட்மென்ட் அசோசியேஷனில் ஆறு வருஷமாகக் கோரம் சேரவில்லை. பக்கெட்டில் தினம் சேருகிறது.

* * *

இந்தக் காலனிக்குள் மருந்து நுழைவது கஷ்டம் என்பதை முதலில் கவனித்தவர் ஒரு துணிக்கடைக்காரர். ஹாலந்தில் டெல்ஃப்ட் என்கிற ஊரில் லேவன்ஹூக் என்று ஒருவர். தானே லென்ஸ் தேய்த்து எதையும் பார்ப்பார். 1680-களில் தன் பல்லிடுக்கில் இருந்த மாவு மாதிரி வஸ்துவை எடுத்துப் பார்த்து, அதில் குட்டிக்குட்டி ஜந்துக்கள் ஓடுகிறதாக லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். இத்தனைக்கும் தினம் உப்புப் போட்டுப் பல் தேய்க்கிற ஆசாமி. பிறந்ததிலிருந்து வாயே சுத்தம் பண்ணாத ஒரு கிழவரையும் தேடிப் பிடித்துப் பார்த்தார். அங்கே திருவிழாக் கூட்டம்.

அப்புறம் வினிகரால் வாயைக் கழுவிப் பார்த்தார். வினிகர் பட்டால் ஜந்து சாகும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் பல்லில் படிந்திருந்த அந்த மாவுப் படலத்தின் வெளிப்பக்கத்தில் இருந்தவைதான் செத்தன. உள்ளே இருந்தவை சௌக்கியம். வினிகர் முழுக்க ஊடுருவவில்லை என்று எழுதி வைத்தார். 300 வருஷத்துக்கு மேல் ஆகிறது. இந்த ஒரு தகவலை இரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் படித்திருக்கலாம்.

இன்றைக்கு நமக்குத் தெரிந்த கணக்கு: தனியாக நீந்துகிற பாக்டீரியாவைக் கொல்லுகிற ஆன்டிபயாட்டிக் அளவு, காலனியில் இருக்கும் அதே பாக்டீரியாவிடம் எடுபடாது. சில சமயம் 1000 மடங்கு வரை தேவைப்படுகிறது. கோந்து சில மருந்துகளைத் தடுக்கிறது, சிலவற்றை உறிஞ்சிக்கொள்கிறது. அதைவிட சாமர்த்தியமான காரணம் ஒன்று உண்டு. காலனியின் அடித்தளத்தில் இருப்பவர்களுக்குச் சாப்பாடும் பிராணவாயுவும் சரியாகக் கிடைக்காது. அதனால் வளராமல் தூங்கிக்கொண்டிருப்பார்கள். பென்சிலின் என்ன பண்ணும்? பாக்டீரியா தன் சுவரைக் கட்டும்போது அதைக் கெடுக்கும். கட்டுகிறவன்தான் மாட்டுவான், தூங்குகிறவனை அது ஒன்றும் செய்யாது. 1944-ல் ஜோசப் பிக்கர் என்கிற டாக்டர் பென்சிலினிலும் சாகாத இந்தச் சோம்பேறிகளைக் கவனித்துப் பெயரும் வைத்தார்.

ஆபீசில் இருக்கிறவர்களுக்கு இது உடனே புரியும். ஆடிட் வந்தால் ஃபைல் பார்த்தவன்தான் மாட்டுவான். ஃபைலையே தொடாதவன் மேல் என்ன அப்ஜக்ஷன் எழுத முடியும்?

* * *

இப்போது மூலிகைப் பக்கம் வருகிறேன். 'அந்தச் செடி பாக்டீரியாவைக் கொல்கிறது' என்று பேப்பரில் வருகிற செய்தியில் முக்கால்வாசி எப்படிப் பிறக்கிறது தெரியுமா? ஒரு தட்டில் அகார் கூழை ஊற்றி பாக்டீரியாவை அப்போதுதான் புதிதாகத் தடவுகிறார்கள். நடுவில் செடிச் சாறு. மறுநாள் சாற்றைச் சுற்றி பாக்டீரியா வளராத வட்டம் தெரிந்தால் வெற்றி. காலனி கட்டி முடிக்காத பாக்டீரியாவை வைத்து நடக்கிற பரீட்சை அது. இதில் பாஸ் பண்ண மஞ்சள் தேவையில்லை. பிளீச்சிங் பவுடரே ஃபர்ஸ்ட் கிளாஸில் பாஸாகும்.

ஆனால் அதற்காக மூலிகையெல்லாம் புருடா என்று சொல்லிவிட வேண்டாம். எனக்கே ஆச்சரியமாக இருந்த விஷயம், இயற்கைச் சரக்குகளில் பல, கொல்லுகிற வேலையையே செய்வதில்லை. அவை வேறு உபாயம் வைத்திருக்கின்றன.

சிட்னி பக்கத்துக் கடலில் டெலிசியா என்று ஒரு சிவப்புப் பாசி இருக்கிறது. கடலில் எதைப் போட்டாலும் வழுவழு பிடிக்கும். இதன் மேல் அவ்வளவாகப் பிடிப்பதில்லை. ஏன் என்று 1990-களில் ஆராய்ந்தார்கள். பாசி ஒரு ரசாயனத்தை மேல்தோலில் பூசி வைத்திருக்கிறது. பாக்டீரியாவின் கோரம் செய்தி வந்து உட்கார வேண்டிய நாற்காலியில் இந்த ரசாயனம் போய் டவல் போட்டுவிடுகிறது. செய்தி போய்ச் சேருவதில்லை. ஆள் இருந்தும் கூட்டம் நடப்பதில்லை. பிரமாதமான யோசனை. ஆனால் நம் உடம்புக்கு அந்தச் சரக்கு விஷம். மருந்தாகவில்லை.

பூண்டுக்கும் இந்த வித்தை தெரியும். முழுப் பூண்டில் வாசனை கிடையாது, கவனித்திருப்பீர்கள். நசுக்கினால்தான் உள்ளே தனித்தனி அறையில் இருக்கும் ஒரு சரக்கும் ஒரு என்சைமும் சந்தித்து அல்லிசின் பிறக்கிறது. அதிலிருந்து அஜோயீன் என்று இன்னொன்று. சூடோமோனாஸ் என்கிற பொல்லாத பாக்டீரியாவின் பேச்சுவார்த்தையை அஜோயீன் குலைக்கிறது என்று டென்மார்க்காரர்கள் 2012-ல் காட்டினார்கள். சரி, மனிதனிடம்? அதற்கு முன்னாலேயே 2010-ல் இங்கிலாந்தில் நுரையீரலில் இந்த பாக்டீரியா குடியேறிவிட்ட 26 நோயாளிகளை வைத்து, பாதிப்பேருக்குப் பூண்டு எண்ணெய் மாத்திரையும் மீதிப்பேருக்கு வெறும் மாத்திரையும் எட்டு வாரம் கொடுத்துப் பார்த்த முடிவு வந்திருந்தது. சொல்லிக்கொள்கிற வித்தியாசம் இல்லை. சின்னப் பரீட்சைதான். ஆனால் நான் மட்டும் பூண்டைப் பற்றி எழுதியிருந்தால் டென்மார்க்கோடு நிறுத்தியிருப்பேன் என்பது உங்களுக்குத் தெரியும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது நம் கண்ணீர். கண்ணீர், எச்சில், தாய்ப்பால் மூன்றிலும் லாக்டோஃபெரின் என்று ஒரு புரதம் இருக்கிறது. அது அக்கம்பக்கத்து இரும்புச் சத்தையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும். பாக்டீரியா செத்துப்போகாது. ஆனால் இரும்பு கிடைக்காத இடத்தில் குடியேறப் பிடிக்காமல் அலைந்துகொண்டே இருக்கும் என்று 2002-ல் 'நேச்சர்' பத்திரிகையில் எழுதினார்கள். மெட்ரோ வாட்டர் வராத ஏரியா என்று தெரிந்தால் நாம் அட்வான்ஸ் கொடுப்போமா? அதே கதை.

ஓமம் வேறு கட்சி. அதன் எண்ணெயில் தைமால் இருக்கிறது. பாக்டீரியாவின் மேல்சவ்வு கொழுப்பால் ஆனது. தைமாலுக்குக் கொழுப்பு பிடிக்கும். உள்ளே போய் உட்கார்ந்து ஓட்டை போட்டுவிடும். கிராம்பின் யூஜினாலும் இதே ரகம். 1879-லிருந்து விற்கிற லிஸ்டரின் பாட்டிலில் இருப்பதும் இந்தத் தைமால்தான், கூட மூன்று சகோதரர்கள். பல் காறையைக் குறைக்கிறது, நிஜம். ஆனால் பிரஷ் பண்ணிவிட்டுக் கொப்பளித்தால். பிரஷ்ஷுக்குப் பதிலாக அல்ல. ஆலங்குச்சி, வேலங்குச்சி விஷயத்திலும் சாறு பாதி, தேய்ப்பு பாதி. குச்சியை அரைத்துப் பொடியாக்கி விரலால் தடவிக்கொண்டு பரம்பரைப் பெருமை பேசுகிறவர்கள் இந்த இரண்டாவது பாதியை விட்டுவிடுகிறார்கள்.

* * *

இந்தக் காலனி விவகாரம் பாக்டீரியாவுக்கு மட்டும் சொந்தமில்லை. பெரியம்மாவுக்குப் பல்செட். ராத்திரியும் கழற்ற மாட்டாள். "தூக்கத்துல யாராவது வந்துட்டா?" என்பாள். மேலண்ணம் சிவந்துபோய் எரிச்சல். பல் டாக்டர் பார்த்துவிட்டு, பல்செட்டின் உள்பக்கத்தில் கேண்டிடா என்ற பூஞ்சை குடித்தனம் பண்ணுகிறது என்றார். இது சும்மா இருக்கும்போது உருண்டையாக இருக்கும். காலனி கட்டும்போது நூல் நூலாக நீண்டு பின்னிக்கொள்ளும். பெரியம்மா கிராம்புத் தண்ணீரில் கொப்பளித்துப் பார்த்தாள். எரிச்சலுக்கு இதமாக இருந்ததே தவிர பூஞ்சை அசையவில்லை.

வேடிக்கை என்னவென்றால் கேண்டிடாவே தன் கூட்டம் நெருக்கமானால் 'போதும், நூல் நீட்டாதே' என்று சொல்ல ஃபார்னசால் என்கிற சரக்கை விடுகிறது. 2001-ல் கண்டுபிடித்தார்கள். ரோஜா எண்ணெயிலும் எலுமிச்சம்புல்லிலும் இருக்கிற அதே வாசனைச் சரக்கு. கேண்டிடா கட்ட ஆரம்பிக்கும் முன்னால் ஃபார்னசாலைப் போட்டால் காலனி சரியாக எழும்புவதில்லை. கட்டி முடித்த பிறகு போட்டால் அந்த அளவுக்குப் பலிப்பதில்லை. இந்த 'முன்னால், பின்னால்' வித்தியாசத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

பூஞ்சையின் காலனியை நிஜமாகவே உடைக்கிற இயற்கைச் சரக்கும் இருக்கிறது. ஸ்பெயினில் லொசோயா என்ற ஆற்றுப் பள்ளத்தாக்கில் கிடைத்த இன்னொரு பூஞ்சை அதைத் தயாரிக்கிறது. கேண்டிடாவின் சுவருக்கு வேண்டிய குளுக்கானைக் கட்டவிடாமல் பண்ணும். கோந்திலும் அதே குளுக்கான் இருப்பதால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய். கெமிஸ்டுகள் அதைத் திருத்தி, சோதித்து, 2001-ல் அமெரிக்காவில் காஸ்போஃபங்கின் என்ற பெயரில் ஊசி மருந்தாக வந்தது. ஐ.சி.யூ.வில் சொட்டுச் சொட்டாக ஏற்றுகிறார்கள். இதுவும் இயற்கைதான். ஆனால் ஆற்றங்கரையிலிருந்து ஆஸ்பத்திரி வர 15 வருஷத்துக்கு மேல் ஆயிற்று. இதை யாரும் கஷாயமாகக் குடிக்கச் சொல்வதில்லை.

பெரியம்மாவுக்கு டாக்டர் சொன்ன வைத்தியம் இவ்வளவு பெரிசு இல்லை. ராத்திரி கழற்று, பிரஷ் போட்டுத் தேய், எழுதிக் கொடுத்த மருந்தைத் தடவு. பத்து நாளில் சரியாகிவிட்டது.

* * *

பெரியப்பாவுக்கு 18 வருஷமாகச் சர்க்கரை. புதுச் செருப்பு கடித்தது. காலில் உணர்ச்சி குறைந்திருந்ததால் வலி தெரியவில்லை. புண் ஆனதும் நல்லெண்ணெயில் மஞ்சள் குழைத்துப் போட்டார். நடுநடுவே வேப்பிலை. ஏழு வாரம். பெரியம்மா டாக்டரிடம் போகலாம் என்று சொன்னபோதெல்லாம் டைரியைக் காட்டியிருக்கிறார்.

ஆறாத புண்ணில் உள்ளே என்ன நடக்கிறது என்று அமெரிக்காவில் மைக்ராஸ்கோப்பில் பார்த்து 2008-ல் எழுதியிருக்கிறார்கள். நாள்பட்ட 50 புண்களில் 30-ல் பயோஃபிலிம். புதுக் காயங்கள் 16-ல் ஒன்றே ஒன்றில். பெரியப்பாவின் புண்ணும் முதல் நாள் புதுக் காயம்தான். அன்றைக்குக் கழுவி, டாக்டரிடம் காட்டியிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கலாம். ஏழு வாரத்தில் பக்கெட் வேலை காலில் முடிந்துவிட்டது.

மஞ்சள் என்ன பண்ணியது? அதன் கதாநாயகன் குர்குமின் தண்ணீரில் கரைவது அபூர்வம்; கரைந்த கொஞ்சமும் சீக்கிரம் சிதைந்துவிடும். தட்டில் வட்டம் போடும். காலனியின் சுவரைத் தாண்டிப் போதுமான அளவு உள்ளே போவது வேறு சமாசாரம். குர்குமினை வைத்து நடந்த ஆராய்ச்சிகளையெல்லாம் 2017-ல் சில மருந்து ரசாயன நிபுணர்கள் புரட்டிப் பார்த்து, ஒழுங்காக நடந்த ஒரு மருத்துவப் பரிசோதனையிலும் அது ஜெயித்ததாகத் தெரியவில்லை என்று எழுதினார்கள். போதாததற்கு சமையல் மஞ்சள்தூள் ஒன்றும் சுத்திகரிக்கப்பட்ட சரக்கில்லை. அதுவே கிருமியைக் கூட்டிக்கொண்டு வரலாம்.

1995-ல் அமெரிக்காவில் மஞ்சள் புண்ணாற்றும் என்று பேடன்ட் கொடுத்தார்கள். நம் சி.எஸ்.ஐ.ஆர். பழைய சம்ஸ்கிருத நூல் முதல் 1953-ல் வந்த மருத்துவக் கட்டுரை வரை எடுத்துக் காட்டி வாதாட, 1997-ல் ரத்து பண்ணினார்கள். நாடே சந்தோஷப்பட்டது. என் நாலு பாராவில் அதையும் மார்தட்டிக்கொண்டு சேர்த்திருந்தேன். அந்த வழக்கில் நிரூபித்தது மஞ்சள் வைத்தியம் பழசு என்பதைத்தான். சர்க்கரைக்காரரின் கால் புண்ணை ஆற்றுமா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை.

பெரியப்பாவைப் பார்த்த சர்ஜன் ஒரு சின்ன வயசுப் பெண். நான் போன அன்றைக்குக் கட்டுப் பிரித்துப் புண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நிஜமாகவே சுரண்டல்தான். பார்க்க வயிற்றைப் பிசைந்தது.

"இவ்வளவு மருந்து வந்தும் இன்னும் சுரண்டணுமா டாக்டர்?"

"சுரண்டினாத்தான் சார் மருந்துக்கே வழி. ரெண்டு மூணு நாள் விட்டா மறுபடி கட்டிடும். அதான் அடிக்கடி பண்றோம்."

பெரியம்மா தயங்கித் தயங்கி, "தேன் தடவலாம்னு எதிர்வீட்டு மாமி..." என்று ஆரம்பித்தாள்.

"வேண்டாம்மா. எதுவுமே வீட்டுல தடவாதீங்க. தினம் காலைப் பாருங்க. அடியில தெரியலேன்னா கண்ணாடி வெச்சுப் பாருங்க. சின்னதா ஒரு கீறல் இருந்தாலும் அன்னிக்கே வாங்க."

"விரல் போனது மஞ்சளாலயா டாக்டர்?" என்று கேட்டேன். அவர் 'இல்லை' என்று சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன்.

"மஞ்சளால இல்ல சார். சர்க்கரை, ரத்த ஓட்டம், எல்லாம் சேர்ந்துதான். ஆனா ஏழு வாரம் போச்சே, அது மஞ்சளாலதான்."

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கட்டுப் போட்டுவிட்டுப் போய்விட்டார். பெரியப்பா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "விடுடா, பத்துல ஒண்ணுதானே" என்றார்.

"அந்தக் கட்டிங்கைக் குடுங்க பெரியப்பா. கிழிச்சுப் போட்டுடறேன்."

"கிழிக்கறதாவது! நீ மிச்சத்தை எழுது. வந்ததும் வெட்டி இது பக்கத்துலயே ஒட்டிடறேன். படிக்கறவன் ரெண்டையும் சேர்த்துப் படிக்கட்டும்."

திங்கட்கிழமை டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போய்விட்டார். நேற்று போன் பண்ணினேன். பெரியம்மா எடுத்தாள். காலையில் கண்ணாடி வைத்து இரண்டு காலையும் பார்த்தாகிவிட்டதாம், கீறல் இல்லையாம். இந்த வாரம் வருகிறது என்று பெரியப்பாவிடம் சொல்லச் சொன்னேன். பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது.

"கோந்து பாட்டிலை எங்கே வெச்சே?"